பதினோரு செருமல்

இப்போது கம்பெனி பஸ் வந்து திரும்புகிற இடத்தில்தான் எங்கள் களம் இருந்தது. மூக்கண்டப்பள்ளியைத் தாண்டி உள்ளே, ஓசூரிலிருந்து வண்டி கட்டினால் ஐந்து மைல். அந்த பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் கம்பெனியிலேயே மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்களாம். மனசு லேசாகிறதாம். என் பேத்தி வந்து சொன்னாள். உனக்கிருக்கிற கோபத்துக்கு நீயும் செய் தாத்தா என்றாள். எண்பது வயசுக் கிழவனுக்கு இனிமேல் எதற்கடி என்று விரட்டிவிட்டேன். செய்தவன்தான் நான் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் விட்டாய் என்று கேட்பாள். அவளிடம் சொல்ல வாய் வராததை எழுதியாவது வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு முப்பத்துநாலு வயது. கிணற்றுத் தண்ணீர் முறை விஷயமாக அண்ணனுக்கும் எனக்கும் வழக்கு. கிருஷ்ணகிரி கோர்ட்டில் இரண்டு வருஷமாக வாய்தா மேல் வாய்தா. பஸ் பிடித்துப் போய், புளியமரத்தடியில் நாளெல்லாம் காத்துக் கிடந்து, எதிரே அண்ணன் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து, அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு திரும்புவேன். தூக்கம் போயிற்று. பின்மண்டையில் உலக்கை போடுகிற மாதிரி இடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது ஊரறிந்த சங்கதி. அந்த இரண்டு வருஷத்தில் அது வெறியாகிவிட்டது. என் ஆட்களில் எவனாவது அண்ணன் வீட்டு வாசலை மிதித்தால் காலை ஒடிப்பேன் என்று சொல்லி வைத்திருந்தேன். மிதித்திருந்தால் ஒடித்தும் இருப்பேன்.

ஒரு வாய்தா முடிந்து வந்த மறுநாள், வண்டியில் கட்டியிருந்த வலது பக்கத்து மாடு ஓடையில் இறங்காமல் முரண்டு பிடித்தது. அண்ணன் மீது இருந்ததையெல்லாம் அதன் மீது காட்டினேன். சாட்டைக் கம்பைத் திருப்பிப் பிடித்து முகத்திலேயே அடித்தேன். நாலாவது அடியிலோ ஐந்தாவது அடியிலோ கண் போயிற்று. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் பண்ணையாள் அழுதான். என் வயசுக்காரன். அவன் அப்பன் எங்கள் அப்பாவிடம் இருந்தான், இவன் என்னிடம் இருந்தான். அந்த மாட்டைக் கன்றிலிருந்து வளர்த்தவன் அவன்தான். என்னடா பொம்பளை மாதிரி அழுகிறாய் என்று அவனையும் ஒரு போடு போட்டேன்.

அன்றைக்கு என் மனைவி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, டாக்டரிடம் போய் வாருங்கள் என்றாள். போனேன். ஓசூர் ஆஸ்பத்திரி டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி, காற்றை அடித்துப் பார்த்துவிட்டு, ரத்தக்கொதிப்பு என்றார். இந்த வயசில் இவ்வளவு இருக்கக் கூடாது, ஒரு நாள் வாய் கோணி விழுவீர்கள், மருந்து பாதிதான் கேட்கும், மனசை அடக்கினால்தான் மீதி என்றார். அங்கே ஸ்கூல் டிரில் மாஸ்டர் ஒருவரிடம் அனுப்பினார். டிரில் மாஸ்டர் மைசூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட ஐந்தாறு வயசு சின்னவர், யோகாசனம் படித்தவர். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார்.

அவர் சொல்லிக்கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கையை மெல்லத் தூக்கும்போது மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், இறக்கும்போது விட வேண்டும். கை எங்கே போகிறதோ நினைப்பும் அங்கேயே போக வேண்டும். குனிந்து கால் விரலைத் தொட வேண்டும், நிமிர வேண்டும், எல்லாம் அவசரமில்லாமல். அப்புறம் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, ஒன்று முதல் பத்து வரை மூச்சை எண்ண வேண்டும். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. நடுவில் சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். எங்கள் வீட்டில் சத்தத்துக்குக் குறைச்சலே இல்லை.

"சத்தம் பந்த்ரே பர்லி, ஹோத்ரே ஹோக்லி," என்றார். வந்தால் வரட்டும், போனால் போகட்டும். "அது பின்னாடி நீங்க ஓடாதீங்க. கோபம் வந்தாலும் அப்படித்தான். பாத்துக்கிட்டே இருங்க, அதுவே போயிடும்."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் சத்தம் வந்தால் வரட்டும் என்று அவர் சொன்னதை நான் சத்தமே வரக் கூடாது என்று வீட்டில் போய் அமல்படுத்தினேன். விடிந்ததும் களத்தில் பலகை போட்டு உட்காருவேன். அந்த அரை மணி நேரம் கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டக் கூடாது, ராகி அரைக்கக் கூடாது, வாசல் கூட்டக் கூடாது. சேவலைக் கூடைக்குள் போட்டுக் கவிழ்த்து மேலே சாக்கு போர்த்துவார்கள். நாயைக் கொண்டுபோய் ஓடைக்கு அந்தாண்ட கட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் இறைக்க வேண்டிய தண்ணீர் எனக்காகக் காத்திருக்கும். ஊரில் சிரித்தார்கள். அண்ணன், சாமியாராகப் போகிறானாம், வழக்கு நமக்குத்தான் என்றாராம்.

ஒரு நாள் நான் ஏழாவது மூச்சில் இருக்கும்போது என் மனைவி கையிலிருந்து பித்தளைக் குடம் நழுவிக் கல்லில் விழுந்து உருண்டது. எழுந்து போனேன். அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். திரும்பி வந்து பலகையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எட்டு என்று எண்ணினேன். மூச்சு நன்றாகத்தான் வந்தது. இதை எழுதும்போது எனக்கே என் மேல் காறித் துப்பலாம் போலிருக்கிறது. அன்று அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அதற்கப்புறம் அவள் அந்த அரை மணி நேரமும் அடுப்படி வாசற்படியில் அசையாமல் உட்கார்ந்து, நான் எப்போது கண் திறப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் பண்ணையாள் வந்து வாய் திறந்து கூப்பிட மாட்டான். கூப்பிடக் கூடாது. வேலிக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமுவான். நாங்கள் திரும்பிப் பார்த்து என்னடா என்று கேட்டால்தான் பேச்சு. கேட்கவில்லையென்றால் சற்றுப் பொறுத்து இன்னொரு தரம் செருமுவான். இப்படித்தான் அவன் அப்பன் காலத்திலிருந்து நடந்தது. எனக்கு அவன் செருமல் அத்தனையும் அத்துப்படி. புகையிலைச் செருமல் வேறு, மழைக்காலத்துச் சளி வேறு, வந்து நிற்கிறேன் என்கிற செருமல் வேறு.

அவனுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. ஒன்பதாவது வருஷம் அவன் பெண்சாதி முழுகாமல் இருந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு எங்கள் ராகிக் காட்டில்தான் களை எடுத்தாள். முந்தின நாள் சாயங்காலம் அவளுக்கு வலி கண்டது. விடிகிற நேரத்தில் மருத்துவச்சி கையை உதறிவிட்டாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என்னால் ஆகாது, ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டாள். கட்டிலில் வைத்துத் தூக்கிப் போக நாலு ஆள் வேண்டும். சேரியில் ஆண்கள் எல்லாம் ரோடு வேலைக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் போயிருந்தார்கள். ஊரில் வண்டி இரண்டுதான். ஒன்று அண்ணனுடையது. இன்னொன்று என்னுடையது. அண்ணன் வாசலை மிதித்தால் கால் ஒடியும். அதனால் அவன் என் வேலிக்கு வந்தான்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் கண்ணை மூடி மூன்றாவது மூச்சில் இருந்தேன்.

முதல் செருமல் கேட்டது. வந்து நிற்கிறேன் என்கிற செருமல். இவனுக்குத் தெரியாதா இந்த நேரத்தில் வரக் கூடாதென்று, என்று குபீரென்று கோபம் ஏறியது. பல்லைக் கடித்தேன். அப்போதுதான் டிரில் மாஸ்டர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. வந்தால் வரட்டும். ஓடாதே, பார்த்துக்கொண்டே இரு. சரி, பார்ப்போம் என்று இருந்தேன். இரண்டாவது செருமல். கோபம் நெஞ்சுக்குழியில் சூடாக நின்றது. பார்த்தேன். மூன்றாவது. நாலாவது. நாலாவதில் அந்தச் சூடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவது எனக்கே தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுசில் அப்படி ஒரு சுகத்தை நான் கண்டதில்லை. இரண்டு வருஷமாக இடித்த பின்மண்டை இடிக்கவில்லை. அண்ணன் முகத்தை வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தேன், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் மூச்சை எண்ணவில்லை. அவன் செருமலைத்தான் எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு செருமலும் வந்து என்னைத் தொடாமல் போயிற்று. கயிறு கேட்க வந்திருப்பான், இல்லை ஒரு நாள் லீவு கேட்க வந்திருப்பான், நிற்கட்டும். வழக்கமான அரை மணி ஆகியிருக்கும் என்று தெரிந்தும் எழுந்திருக்க மனசு வரவில்லை. இந்தச் சுகத்தை விட்டால் மறுபடி கிடைக்குமோ என்னவோ. இன்னொரு அரை மணி உட்கார்ந்தேன். எட்டு, ஒன்பது. பத்தாவது ரொம்ப நேரம் கழித்து வந்தது. பதினொன்றாவது செருமலாகவே இல்லை, தொண்டை அடைத்த மாதிரி ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது. பரவாயில்லை, இவனும் பொறுமை கற்றுக்கொண்டான் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவன் வேலிப்படல் மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். என் மனைவி அடுப்படி வாசற்படியில், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து நிதானமாகக் கையைத் தூக்கி, மூச்சை இழுத்து, இறக்கி, முடிக்க வேண்டியதை முடித்தேன். பிறகு, அதற்கு முன் அவனிடம் பேசியே இராத ஒரு மெல்லிய குரலில், என்னப்பா என்றேன்.

"வண்டி வேணுங்க ஆண்டே," என்றான். "ஊட்டுல நேத்து சாயந்தரத்துல இருந்து வலிங்க. புள்ள குறுக்கால கெடக்குதாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவச் சொல்றாங்க."

ஓடினோம். மாட்டை நானே பூட்டினேன். அவளைத் தூக்கி வைக்கோல் மேல் கிடத்தினோம், என் மனைவியும் கூட ஏறினாள். சேரிக்காரி கிடந்த வண்டியில் அவள் ஏறியதற்கு ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் அப்போது யாருக்கும் தோன்றவில்லை. வண்டி ஓடைக்கு வந்தது. அந்த மாட்டுக்கு வலது பக்கம் கண் கிடையாது. தண்ணீர் சத்தம் கேட்டதும் மிரண்டு நின்றுவிட்டது. இறங்கி, அதன் குருட்டுப் பக்கம் நின்று, கழுத்தைத் தடவி, ஒவ்வொரு அடியாகக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதை அவன் செய்தான். வண்டிக்குள் அவள் முனகினாள். மாட்டை ஓட்டவும் முடியாது, அடிக்கவும் முடியாது. ஓடைக்கு அப்புறமும் பள்ளம் கண்ட இடமெல்லாம் அது நின்றது. ஐந்து மைலும் நடைதான்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். நர்ஸம்மா வெளியே வந்து, ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கோபமாகக் கேட்டாள். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான்.

"மாடு ஒத்தக் கண்ணுங்கம்மா," என்றான். "வெரசா வராது."

பிள்ளை செத்துத்தான் பிறந்தது. ஆண். அவள் பிழைத்தாள், இனி பிள்ளை தரிக்காது என்றார்கள். துணியில் சுற்றிக் கொடுத்ததை அவன் வாங்கி, எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவன் போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நேரம் பார்த்து டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, நீங்களா, வாருங்கள், உங்கள் முகமே சரியில்லை என்று உட்கார வைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார். காற்றை அடித்தார். இரண்டு தரம் பார்த்தார்.

"அட, நல்லா இறங்கியிருக்கே," என்றார். "டிரில் மாஸ்டர் சொன்னதை விட்டுடாதீங்க. இப்படியே பண்ணுங்க."

அவன் மூன்றடி தூரத்தில் நின்றுதான் கேட்டான்.

அவளையும் என் மனைவியையும் அங்கே விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். அவன் வண்டியில் ஏறவில்லை. மாட்டின் குருட்டுப் பக்கத்திலேயே நடந்து வந்தான். பாதி வழியில், மாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஆண்டே, நான் செருமுனது காதுல உழுலீங்களா?"

"இல்லடா," என்றேன். "ஆழமா உக்காந்துட்டேன். ஒண்ணுமே கேக்கல."

"அதான பாத்தேன்," என்றான். "கேட்டிருந்தா வந்திருப்பீங்க."

மூன்று நாள் கழித்து என் மனைவி வீடு திரும்பினாள். கை கால் கழுவிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள். மொத செருமலுக்கே உங்க புருவம் சுளிச்சுது, அப்பறம் நீங்க சிரிச்சீங்க, நான் பாத்துக்கினுதான் இருந்தேன் என்றாள். நான் எழுந்திருக்கல, எனக்கு உங்க கை மேல பயம், அந்தப் பாவத்துல எனக்கும் பாதி உண்டு என்றாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தப் பேச்சுக்கு அவள் பல்லைத் தட்டியிருப்பேன். கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அந்த வேண்டாத வித்தை எனக்கு நன்றாகவே கைவந்திருந்தது. நான்தான் அதைத் தாங்க முடியாமல் மறுநாள் முதல் உட்காருவதை விட்டேன்.

அண்ணன் ஆள் அனுப்பி, என்னிடம் வந்து கேட்டிருந்தால் நானே ஓட்டிப் போயிருப்பேனே என்று சொன்னார். அவருடைய இரண்டு மாடுகளுக்கும் கண் நன்றாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவன் பெண்சாதி களையெடுப்புக்கு வந்துவிட்டாள். குனிந்து எடுத்தவள் நிமிர்ந்தபோது மாராப்பு நனைந்திருந்தது. வேர்வை என்றுதான் நினைத்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, பால் என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவன் எங்கள் வேலியோரம் செருமியதே இல்லை. வந்து நிற்பான். நானாகத் திரும்பிப் பார்க்கிற வரைக்கும், எத்தனை நேரமானாலும், சத்தமில்லாமல் நிற்பான். சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பேன், நடுவில் எழுந்து வந்து வேலியை எட்டிப் பார்ப்பேன். பாதி நாள் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கேட்டதடா, பதினொன்றும் கேட்டது என்று சொல்ல எனக்கு இருபத்தைந்து வருஷம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அவன் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

என் மனைவி எனக்கு முன்னால் போனாள். மறு வருஷம் அவனும் போனான். செய்தி வந்ததும் நான் சேரிக்குப் போனேன். எங்கள் ஆட்கள் அதுவரை எழவுக்கென்று அங்கே போனதில்லை. உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை, வாய் விட்டுக் கூப்பிடவும் வரவில்லை. வேலிப் பக்கம் நின்று தொண்டையைச் செருமினேன்.

குடிசை வாசலில் அவன் பெண்சாதி உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என் மனைவி சாகிறதற்கு முன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. இன்னொரு தரம் செருமினேன். அவளுக்குக் கேட்டது. அவள் முகத்தில் கோபமே இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சு ஏறி இறங்க, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.